ஸ்டியரிங் ஆடுதா? சாவியைக் கீழே வைங்க!

தாத்தாவோட பழைய பிரீமியர் பத்மினியில டூர் கிளம்பறீங்களா? ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் லேட்டாத்தான் அசையுதுன்னா, ட்ரிப் கேன்சல்!

'ஸ்டியரிங் பாக்ஸ் போச்சு'ன்னு உடனே பர்ஸைத் திறக்காதீங்க. இன்ஜினை அணைச்சுட்டு, ஃப்ரெண்டை ஸ்டியரிங்கை லேசா ஆட்டச் சொல்லிட்டு, பானெட்டைத் திறந்து பாருங்க. பாக்ஸுக்குள்ளே போற ராடு திரும்புது, வெளியே இருக்கற டிராப் ஆர்ம் அசையலையா? தேய்மானம் பாக்ஸுக்குள்ளேதான். ஆர்ம் அசைஞ்சும் சக்கரம் சும்மா இருந்தா, முதல் சந்தேகம் பால் ஜாயின்ட் மேல. அதை மாத்தினாலே போதும், பாக்ஸ் செலவு மிச்சம்!

பத்மினி தயாரிப்பு நின்னு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால புதுப்பேட்டை மாதிரி இடத்துலதான் தேடணும். பழைய பாக்ஸைக் கையோட கொண்டு போங்க. போல்ட் துளையும் ஷாஃப்ட்டோட பற்களும் அச்சு அசலா ஒத்துப்போகணும். அம்பாசடரோடது செட் ஆகாது. அது ரேக் அண்ட் பினியன், அமைப்பே வேற.

மாட்டற வேலை மெக்கானிக் அண்ணனோடது. ஆனா பக்கத்துல நின்னு மூணு விஷயம் கவனிங்க. டிராப் ஆர்மை சுத்தியலால தட்டாம, புல்லர் போட்டுக் கழட்டறாரா? புது பாக்ஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுத்தி எண்ணி, சரிபாதியில வெச்சு, சக்கரம் நேரா இருக்கும்போது ஆர்மைப் பூட்டறாரா? நட்டுக்குப் புது காட்டர் பின் போடறாரா? கடைசியா வீல் அலைன்மென்ட்.

அந்தச் சின்ன பின்னோட விலை சில ரூபாய்தான். அதை நம்பித்தான் பின் சீட்டுல உங்க மொத்த கேங்கும் உட்கார்ந்திருக்கு!