புல்லுக்கு இடும் யூரியா

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கிணற்றுப் பாசனத்தை நம்பிக் கறவை மாடு வளர்க்கும் குடியானவர்கள், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை அறுக்குந்தோறும் யூரியாவை மேலாகத் தூவுவது சகஜமாகிவிட்டது. நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்துள்ள அந்த உரம், சுண்ணாம்பு மிகுந்த செம்மண்ணின்மேல் வெயிலில் கிடக்கையில், யூரியேஸ் என்னும் நொதியால் சிதைந்து அம்மோனியா வாயுவாகி ஆகாயத்தில் கலக்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, பாசன நீரோடு இறங்கிக் குடிநீர்க் கிணற்றையே அடைகிறது. புல்லிலேயே நைட்ரேட் மிதமிஞ்சிச் சேர்ந்தாலோ, அத்தீவனம் பசுவுக்கே விஷம்.

யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டுமென 2015-இல் மத்திய சர்க்கார் விதித்தது நன்றே; ஆயினும் அப்பூச்சு நைட்ரேட்டாகும் வேகத்தை மட்டுப்படுத்துமேயன்றி, ஆவியாகும் நஷ்டத்தைத் தடுக்காது. ஆகையால், யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து, ஈரமுள்ள மண்ணில் இட்டு மூடும் முறையை, நெல்லுக்கு மாத்திரமன்றிப் புல்லுக்கும் கைக்கொள்வது அவசியம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண்மைத் துறையும் கூடி, குடியானவர் வயலிலேயே பாதிக்கு இக்கலவையும் பாதிக்கு வெறும் யூரியாவும் இட்டு, விளைந்த புல்லை அவரே நிறுத்துப் பார்க்கும்படி செய்யவேண்டுமென மனப்பூர்வமாக வேண்டுகிறோம்.