ஃபோல்டரோடு போச்சு எல்லாம்!

"பேக்கப் எடுத்து வெச்சிருக்க வேண்டியதுதானே?" ஃபைல்களைத் தொலைத்துவிட்டு நிற்பவனிடம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். திருடனை விட்டுவிட்டு, பூட்டு சரியில்லை என்று வீட்டுக்காரனைத் திட்டுகிற நியாயம் இது. அழித்தது யாருங்க?

2015 ஜனவரியில் லினக்ஸில் ஸ்டீம் என்கிற கேம் மென்பொருள் அடித்த கூத்தைப் பாருங்கள். அதன் ஸ்கிரிப்டில் ஒரு வரி. 'ஸ்டீம்ரூட்' என்ற மாறியில் ஃபோல்டர் பெயர் இருக்கும்; பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி. அதற்குள் இருப்பதை எல்லாம் கேள்வி கேட்காமல் அழி என்று அர்த்தம். ஒருவர் ஸ்டீம் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றினார். மாறி காலியாகிவிட்டது. மிச்சம் என்ன? சாய்கோடும் நட்சத்திரமும்தான். அதாவது, கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாவற்றையும் அழி! செருகி வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தவையும் சேர்ந்தே போயின.

இதில் உச்சக்கட்டக் கொடுமை, அந்த வரிக்கு மேலேயே 'பயமா இருக்கு!' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்ததுதான். பயந்த மனுஷன் மாறி காலியா என்று ஒரு வரி சோதித்திருக்கக் கூடாதா? குறிப்பு எழுத நேரம் இருந்திருக்கிறதே!

இது ஏதோ ஒரு தடவை நடந்தது அல்ல. 2001-ல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் 2.0 இன்ஸ்டாலர், டிஸ்க் பெயரில் இருந்த இடைவெளியைத் தப்பாகப் புரிந்துகொண்டு மொத்த டிஸ்க்கையே துடைத்தது. 2011-ல் பம்பிள்பீ ஸ்கிரிப்டில் தவறி விழுந்த ஒரே ஒரு இடைவெளி, 'யூஎஸ்ஆர்' ஃபோல்டரை முழுசாக விழுங்கியது.

"லினக்ஸின் 'ஆர்எம்' கட்டளையிலேயே பாதுகாப்பு இருக்கே" என்பார்கள். இருக்கிறது. வெறும் சாய்கோடு கொடுத்தால் மறுக்கும். நட்சத்திரம் சேர்ந்தால் மறுக்காது. ஏனென்றால் ஷெல் அதை முன்பே விரித்து, ஒவ்வொரு ஃபோல்டர் பெயராகக் கையில் கொடுத்துவிடுகிறது. பாவம், அதற்கு என்ன தெரியும்!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள்: தப்பான பதிவை அழிக்காதே, எதிர்ப்பதிவு போடு. இந்தியக் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்கவும் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பத்து ரூபாய் வவுச்சருக்கு இவ்வளவு மரியாதை. ஒருவரின் பத்து வருஷக் குடும்பப் போட்டோவுக்கு?

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. பாதை காலியாக இருந்தால் நின்றுவிடு. குறுக்கு இணைப்பு வழியாக அடுத்தவர் ஃபோல்டருக்குள் நுழையாதே. முதலில் குப்பைத்தொட்டிக்கு நகர்த்து, ஒரு வாரம் கிடக்கட்டும், இடம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முக்கியமாக, நீ வைத்த ஃபைல்களை மட்டும் பட்டியல் பார்த்து எடு. மிஞ்சிய ஃபோல்டரை 'ஆர்எம்டிர்' கட்டளையிடம் கொடு. உள்ளே வேறு ஒரே ஒரு ஃபைல் இருந்தாலும் அது தொடாது. 1971-ன் முதல் யூனிக்ஸிலேயே இருந்த கட்டளை இது.