பழைய லீஃபுக்கு வீட்டு பாஸ்ட் சார்ஜரா?
2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து எங்கட பக்கம் பழைய நிசான் லீஃபைப் பொத்திப் பொத்தித்தான் ஓட்டுகிறோம். இப்போது சில தம்பிமார் கழற்றிய பாகங்களை வைத்து வீட்டிலேயே பாஸ்ட் சார்ஜர் செய்து, நேரே பெட்டரிக்குக் கரண்ட் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

கைவேலையை நாங்கள் குறை சொல்லவில்லை. வகுப்பில் நாங்கள் படிப்பிக்கும் கணக்குத்தான் இடிக்கிறது. சாதாரண வீட்டு இணைப்பு 230 வோல்ட், 30 அம்பியர். பெருக்கினால் ஏழு கிலோவாட்கூட இல்லை. சாடெமோ சார்ஜர் 50 கிலோவாட் வரை தரும். வீட்டில் அந்த வேகம் எங்கிருந்து வரும்?

நிரம்பிய லீஃப் பெட்டரியில் இருப்பது ஏறத்தாழ 400 வோல்ட் நேரோட்டம். கை பிசகினால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றாது. சூடேறினால் குளிர்விக்க அந்தப் பெட்டரிக்கு ஒரு விசிறிகூட வைக்கவில்லை.

கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போய்வர 30 கிலோமீட்டர் இல்லை. இரவு பத்துக்குச் செருகினால் சுபஹுக்கு எழும்பும்போது தாராளமாக ஏறியிருக்கும். பிறகென்ன அவசரம், நானா?

அந்தக் காசில் முதலில் செல்களைச் சோதித்துப் பாருங்கள். தொடராக இருக்கும் 96 சோடியில் ஒன்று தளர்ந்தாலே ஓடும் தூரம் குறையும்.