ஆளுக்கேற்ற வியூகம்

சிற்றிதழ் வாசகர்க்கு அமெரிக்கக் கால்பந்து வேற்றுப்புலமாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வாட்டத்தில் தாக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐவரைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகிறோம். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரு கார்டுகள், ஓரங்களில் இரு டேக்கிள்கள். பந்தை ஏந்தி ஓடுவது இவர்கள் பணியன்று. எதிரணியினரைத் தடுத்து, ஓடுபவருக்கு வழி திறப்பதே பணி. ஆட்டக் கணக்கேட்டில் இவர்கள் உழைப்பு பெரும்பாலும் பதிவாவதில்லை.

தடுப்பு முறைகள் பலவாயினும் அவற்றை இரு பெரும் வகைகளில் அடக்கலாம். ஒன்று, மண்டலத் தடுப்பு. இதில் ஐவரும் ஒரே திசையில் ஒருசேர அடியெடுத்து வைப்பர். ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்படுவது ஓர் ஆள் அன்று, ஓர் இடம். அருகருகே நிற்கும் இருவர் ஒரு தற்காப்பு வீரரை இணைந்து தள்ள, அவர்களுள் ஒருவர் விலகி அடுத்த அடுக்கிலுள்ள லைன்பேக்கரை நோக்கிச் செல்வார். விரிசல் எங்கே விழுகிறதோ அங்கே ஓட்டக்காரர் திரும்பிப் பாய்வார். மற்றொன்று, இடைவெளித் தடுப்பு. இதில் எங்கே வழி திறக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. அருகிலிருப்போர் எதிரிகளைப் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ள, மறுபுறத்துக் கார்டு வரிசைக்குப் பின்னால் ஓடிவந்து வாயிலில் நிற்பவரை மோதி அகற்றுவார். முன்னது காலின் நேர்த்தியையும் ஒத்திசைவையும் பெரிதும் வேண்டுவது; பின்னது உடலின் பாரத்தையும் மோதும் வலிமையையும் வேண்டுவது.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதே பொருளற்றது என்பது நம் கருத்து. அணியில் யாரிடம் எது உள்ளது என்றே கேட்க வேண்டும்.

1995இல் டென்வர் பிராங்கோஸ் அணிக்கு மைக் ஷனஹன் தலைமைப் பயிற்சியாளராகவும் அலெக்ஸ் கிப்ஸ் முன்வரிசைப் பயிற்சியாளராகவும் வந்தனர். அவ்வணியின் முன்வரிசை அக்காலத்தின் மிக இலகுவான வரிசைகளுள் ஒன்று. அதன் சென்டர் டாம் நாலன் 1994ஆம் ஆண்டுத் தேர்வில் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். இத்தகையோரை மலைபோன்ற எதிரிகளுடன் நேருக்கு நேர் மோதவிடாமல், ஓடவும் கோணம் பிடிக்கவும் வைத்தார் கிப்ஸ். ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998 பருவத்தில் 2,008 கெஜம் ஓடினார். அவர் காயமுற்ற 1999இல் ஒலாண்டிஸ் கேரி 1,159 கெஜமும், 2000இல் மைக் ஆண்டர்சன் 1,487 கெஜமும் ஓடினர். ஓட்டக்காரர்கள் மாறினர், கெஜங்கள் மாறவில்லை.

அதே பத்தாண்டில் டல்லஸ் கவ்பாய்ஸ் எதிர்வழியில் வென்றது. நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ் போன்ற பேருடலினர் எதிரிகளை இடம்பெயர்க்க, எமிட் ஸ்மித் 1995இல் 1,773 கெஜம் ஓடினார்.

இதனால், பருத்தவர்க்கு இடைவெளித் தடுப்பு, மெலிந்தவர்க்கு மண்டலத் தடுப்பு என்று வாய்பாடு எழுதிவிடலாமா? கூடாது. டல்லஸின் லாரி ஆலன் ஏறத்தாழ 145 கிலோ எடையினர். ஆயினும் 1994இல், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய நியூ ஆர்லியன்ஸ் லைன்பேக்கரைத் துரத்திச் சென்று வீழ்த்தியவர் அவரே. வலிமை என்பது எடைக்கருவி காட்டும் எண் அன்று. ஆளைக் களத்தில் கண்டு அறிய வேண்டியது.

இங்கு ஒரு மறுப்பு எழும். பயிற்சியாளர் தமக்குக் கைவந்த முறையைக் கையாண்டு, அதற்கேற்ற ஆட்களைத் திரட்டிக்கொள்ளலாமே; கிப்ஸும் அதைத்தானே செய்தார்? ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் இவ்வாதத்தின் கவர்ச்சியை அறிவோம். தெரிந்த பாடத்தை நடத்துவது எவர்க்கும் எளிது. ஆனால் ஆட்களைத் திரட்டப் பல ஆண்டுகள் வேண்டும். 1994 முதல் ஊதிய உச்சவரம்பு உள்ளதால் விரும்பியவரையெல்லாம் வாங்கிவிடவும் முடியாது. மேலும் 2011ஆம் ஆண்டு ஒப்பந்தம், பருவகாலத்தில் முழுக் காப்புடையுடன் நடத்தும் பயிற்சிகளைப் பதினான்காகக் குறைத்தது. ஐவர் ஒரே மூச்சாக இயங்கக் கற்பதற்கு இருந்த காலமும் சுருங்கிற்று. ஆகவே வந்த ஆண்டே ஆட்டம் ஆட வேண்டிய பயிற்சியாளர், இருப்போரைக் கொண்டே வியூகம் அமைப்பதுதான் அறிவுடைமை.

இது வெற்றி தோல்விக் கணக்கு மட்டுமன்று. பொருந்தாத முறையில் நிறுத்தப்பட்ட ஒரு கார்டு ஒவ்வோர் ஆட்டத்திலும் அரை அடி பிந்துகிறார். அந்த அரை அடியில் குவார்ட்டர்பேக் வீழ்கிறார்; ஓட்டக்காரர் மோதுண்டு சாய்கிறார். பின்னர் 'அவர் திறனற்றவர்' என்று தீர்ப்பெழுதி அணியிலிருந்து நீக்குகிறார்கள். அவரை அவ்விடத்தில் நிறுத்திய வரைபடத்தை யாரும் விசாரிப்பதில்லை. முதலில் விசாரிக்கப்பட வேண்டியது அந்த வரைபடமே என்கிறோம் நாம்.