பச்சையாய் மாறிய ஏரி

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துத் தொலீடோ நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு விடுக்கப்பட்டது. குழாய் நீரைப் பருக வேண்டாம். காய்ச்சியும் பருக வேண்டாம் என்பதே அது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திகைத்து நின்றனர். கிருமியுள்ள நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி மடியும் என்பது நம் இல்லத்தரசிகள் அனைவரும் அறிந்த செய்தி. அந்நீரில் கலந்திருந்ததோ நீலப்பசும்பாசியிலிருந்து வெளிப்படும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு. அது கொதிநீரில் அழிவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடும். மூன்றாம் நாள் காலையில்தான் தடை நீங்கிற்று. 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல்போல் விரிந்த ஈரி ஏரியின் கரையிலே வாழ்ந்துகொண்டு, அம்மக்கள் புட்டி நீருக்காகக் கடைகளில் வரிசையில் நின்றனர்.

இதன் காரணத்தை அறிய, பாஸ்பரஸ் என்னும் பொருளின் பயணத்தை நாம் சற்றுப் பின்தொடர வேண்டும். நம் எலும்பிலும் பல்லிலும், ஒவ்வொரு விதையிலும் அது உண்டு. பாறை கரைந்து மண்ணில் சேர்கிறது. மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து உயிர்களுக்கும் செல்கிறது. சாணமாகவும் சருகாகவும் மீண்டும் மண்ணுக்கே திரும்புகிறது. நீர் கடலுக்குப் போனாலும் மேகமாகத் திரும்பி வரும். பாஸ்பரஸுக்கு அப்படி வான்வழி இல்லை. ஆற்றோடு போய்க் கடலடியில் படிந்ததேல், அக்கடலடி நிலமாக உயரும்வரை, அதாவது பல இலட்சம் ஆண்டுகள், காத்திருக்க வேண்டும். ஆயினும் மனிதன் பாறையை வெட்டி உரமாக்கி, இச்சுழற்சியை விரைவுபடுத்தினான். பயிரை வளர்ப்பது பாசியையும் வளர்க்கும் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

ஈரி ஏரிக்கு முதல் நோய் வந்தது 1960களில். நகரக் கழிவுநீரும், பாஸ்பேட் கலந்த சலவைத்தூளும் ஏரியில் கலந்தன. பாசி மண்டிற்று, அது அழுகியபோது நீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிந்தன. ஏரி செத்துவிட்டது என்றே செய்தித்தாள்கள் எழுதின. பாஸ்பரஸ் மீது பழி சுமத்துவது தவறு, கார்பனே காரணம் என்று சலவைத்தூள் உற்பத்தியாளர் தரப்பில் வாதாடப்பட்டது. (தன் சரக்கைப் பழிக்க எந்த வணிகனுக்குத்தான் மனம் வரும்!) எனினும் 1972இல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளைக் காக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டே அவ்வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. ஒண்டாரியோக் காட்டில் 226 என்ற எண் பெற்ற சிற்றேரி ஒன்று உண்டு. அதற்கு இடை குறுகிய வடிவம். டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் அவ்விடையில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டனர். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சைப் பசேலென மாறிற்று. வானிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் ஆயிரம் வாதங்களுக்குச் சமமாயிற்று.

சலவைத்தூளில் பாஸ்பேட் குறைந்தது. கழிவுநீர் நிலையங்கள் சீர்பெற்றன. ஈரி ஏரிக்குள் வரும் பாஸ்பரஸ் ஆண்டுக்கு 11,000 டன்னைத் தாண்டலாகாது என 1978இல் எல்லை வகுக்கப்பட்டது. 1980களில் நீர் தெளிந்தது, மீன்கள் பெருகின.

அப்படியானால், 1990களின் நடுவிலிருந்து பாசி ஏன் திரும்பி வந்தது? 2011இல் கண்ட பாசி அதுவரை பதிவானவற்றுள் மிகப் பெரிது. 2015இல் அதையும் விஞ்சிற்று. இம்முறை அது வந்தது வயல்களிலிருந்து, குறிப்பாகச் சோளமும் சோயாவும் விளையும் மௌமீ ஆற்றுப் படுகையிலிருந்து. அங்கே முன்னாளில் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெருங்கருஞ்சதுப்பு என்னும் சேற்றுக்காடு இருந்தது. மழைநீர் அதில் தேங்கி, நாணலுக்கும் மண்ணுக்கும் தன் சத்தைக் கொடுத்துவிட்டு, மெல்லவே ஏரியை அடையும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறியோர் வாய்க்கால் வெட்டியும், நிலத்தடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்தும் சதுப்பை வடித்தனர். மலேரியாவால் வாடிய அக்குடும்பங்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர்களுக்குக் கிடைத்த மண்ணும் பொன் விளையும் மண். ஆனால் அன்று முதல் அந்நிலத்து நீருக்குத் தங்குமிடம் இல்லாமற் போயிற்று. வசந்தகாலத்துப் பெருமழை குழாய் வழியே நேரே ஆற்றில் இறங்குகிறது; உரமும் கூடவே இறங்குகிறது. நீரின் சுழற்சியில் கை வைத்தவர்கள், அறியாமலே சத்தின் சுழற்சியிலும் கை வைத்துவிட்டார்கள்.

உழவரை மட்டும் பழிப்பதும் முறையன்று. வயலுக்கு இட்ட பாஸ்பரஸில் ஓடிப்போவது சிறு பங்கே. உழவனின் வரவு செலவுக் கணக்கில் அது தென்படுவதே இல்லை. ஏரிக்கோ அச்சிறு பங்கே மிகுதி. மண் அரிப்பைத் தடுக்கவென்று பலர் உழாமல் விதைக்கும் முறையை மேற்கொண்டனர். நோக்கம் நல்லது. ஆனால் மேலே தூவிய உரம் மண்ணோடு கலவாமல் மேற்பரப்பிலேயே தங்கி, மழைநீரில் எளிதில் கரைந்தது. பாசி மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

2008இல் இருந்த அளவிலிருந்து நூற்றுக்கு 40 பங்கு குறைப்பது என இரு நாடுகளும் 2016இல் உறுதி பூண்டன. உரத்தை மண்ணுக்குள் செலுத்துவது, மண்ணைச் சோதித்து அளவறிந்து இடுவது, குழாய் வாய்களில் மதகு வைத்து நீரைத் தாமதிக்கச் செய்வது என உழவர்களுக்குப் பல வழிகள் கற்பிக்கப்படுகின்றன. 2019இல் ஒஹாயோ மாநில அரசு தொடங்கிய திட்டத்தில், ஈரநிலங்களை மீண்டும் உருவாக்குவதும் ஒன்று. வடித்த நிலத்தில் சிறு சிறு துண்டுகளாக நீர் தேக்கி நாணல் வளர்க்கின்றனர். வயல்களில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பாஸ்பரஸ் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கசிந்துகொண்டிருக்குமாதலால், ஏரி விரைவில் தெளியும் என எதிர்பார்ப்பதற்கில்லை.