பொட்டலமும் பொறுப்பும்

நெய்வேலியில் அடுப்பு அணைவது அபூர்வம். 1956-ஆம் வருஷத்தில் பழுப்பு நிலக்கரி ஸ்தாபனம் தோன்றிய பின், பல ஜில்லாக்களிலிருந்தும் பல ராஜ்யங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறிய நகரம் அது. சுரங்கத்திலும் அனல் மின் நிலையங்களிலும் இரவு பகலாக ஷிப்டு முறையில் வேலை நடைபெறுகிறது. அகாலத்தில் வேலை முடிந்து திரும்புவோர், ஹோட்டலில் இட்டிலியோ பரோட்டாவோ பொட்டலமாக வாங்கிக்கொண்டு வீடு செல்வதை நாம் குறை கூற முன்வரவில்லை. உழைத்தவர்களுக்குச் சூடான ஆகாரம் வேண்டும். வீட்டுப் பெண்களுக்கும் அடுப்படியிலிருந்து ஒருவேளையாவது ஓய்வு வேண்டும். நாம் கேட்பது வேறு. அந்த ஆகாரம் எதில் கட்டப்பட்டு வருகிறது?

ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடுக்கப்போவதாகத் தமிழ்நாடு சர்க்கார் 2018 ஜூன் 5-ந் தேதி அறிவித்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை அமலில் இருக்கிறது. உணவு கட்டும் தாள், மேசையில் விரிக்கும் தாள், தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், கைப்பை என்று அந்த ஜாபிதாவைப் படித்தால், ஹோட்டல் சாமான்களின் கணக்கைப் படிப்பது போலவே இருக்கும். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் பிறந்தது. 2022 ஜூலையில் மத்திய சர்க்காரும் தன் தடையைக் கொண்டுவந்தது. ஆயினும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி நூலால் சுற்றித் தரும் வழக்கம் நாட்டில் ஒழிந்தபாடில்லை. நெய்வேலியும் இதற்கு விலக்கல்ல.

இது யாருடைய குற்றம்? "வாங்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள்" என்கிறார் கடைக்காரர். "கடையில் கொடுப்பதை வாங்குகிறோம்" என்கிறார் வாங்குபவர். அதிகாரிகளோ சிறிய டீக்கடையில் அபராதம் வசூலித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பையை உற்பத்தி செய்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறவனை விட்டுவிட்டு, அதில் டீ ஊற்றுகிறவனை மட்டும் தண்டிப்பது நியாயமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

நெய்வேலிவாசிகளுக்கு மண்ணின் இயல்பை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் புதையுண்ட தாவரங்களே இன்று பழுப்பு நிலக்கரியாக வெளிவந்து, வீடுதோறும் விளக்கேற்றுகின்றன. மண்ணுக்குத் திரும்பிய இலை நமக்குச் செல்வமாயிற்று. நாம் இன்று மண்ணில் எறியும் பையோ மக்காமல் கிடந்து சாக்கடையை அடைக்கும். மாட்டின் வயிற்றில் சேர்ந்து அதன் உயிரை வாங்கும். எரித்தால் நச்சுப் புகையாகும். நம் சந்ததியாருக்கு நாம் விட்டுச் செல்லும் புதையல் இதுதானா?

பரிகாரம் அயல் நாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. கடலூர் வட்டாரத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. மந்தாரையிலையும் பாக்கு மட்டையும் நம்மவர் அறியாதவை அல்ல. சாம்பாருக்கும் ரசத்திற்கும் தூக்குப் பாத்திரம் எடுத்துச் செல்வதை நம் பெற்றோர் கௌரவக் குறைவாக எண்ணியதில்லை. பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு விலையில் சிறிது குறைத்துக் கொடுக்க ஹோட்டல்காரர்கள் முன்வர வேண்டும். இலை கட்டிக் கொடுக்கும் கடைக்கு ஜனங்களும் ஆதரவளிக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நகர நிர்வாகம் நிலக்கரி ஸ்தாபனத்தின் கையிலேயே இருக்கிறது. வேறு ஊர்களுக்கு வாய்க்காத சௌகரியம் இது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் உணவுச்சாலை வேண்டும் என்பதற்கு 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் இடம் தந்திருந்தது. அந்த உணவுச்சாலைகளிலிருந்தே சீர்திருத்தம் தொடங்கட்டும். பிறகு கடைவீதிக்குக் கட்டளையிட நிர்வாகத்திற்குத் தார்மிக உரிமை உண்டாகும்.

அந்நியத் துணியை விலக்கிக் கதரை உடுத்த சட்டத்தின் பயம் நம் முன்னோருக்குத் தேவைப்படவில்லை. ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கையில் எடுப்பது அத்தனை பெரிய தியாகமன்று. நெய்வேலி மக்கள் இதில் மற்ற நகரங்களுக்கு வழிகாட்டுவார்களென நம்புகிறோம்.