படம் மட்டும் போதாது

"சாவு நோட்டீசை எல்லாம் நூலகத்தில் வைப்பார்களா, ஐயா?" என்று என் நண்பரான தமிழாசிரியர் கேட்டார். வைக்கத்தான் வேண்டும் என்கிறேன் நான்.

அருப்புக்கோட்டைக்கு அடுத்த குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே ஒரு மூதாட்டி, தம் தகப்பனாரின் நினைவு மலரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். தேவாரம், ஊர்க் கோயிலின் கதை, நான்கு தலைமுறை வம்சாவளி எல்லாம் அதில் இருந்தன. யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இதை அச்சிட்டு வழங்குவார்கள். 'கல்வெட்டு' என்றே இதற்குப் பெயர். நம் கரிசல் காட்டில் கருமாதிப் பத்திரிகை ஒற்றைத் தாள். பதினாறாம் நாள் கழிந்தால் அதில் பொட்டுக்கடலை மடிப்பார்கள். சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை?

1981 ஜூன் முதல் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வீட்டுப் பெட்டிகளில் கிடந்த இந்தச் சிறு புத்தகங்களில் சில படகேறித் தப்பின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் இவற்றையும் தேடிப் பிடித்து ஏற்றிவருகிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம்.

ஆனால் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. அந்த அம்மாள் கேட்டது இதுதான்: "என்ரை அம்மாவின்ரை பேர் வேறை ஆற்றையும் கல்வெட்டிலை வருமோ, தம்பி?" அட்டையில் உள்ள பெயரைத் தேடலாம். உள்ளே மருமகளாக, கொழுந்தியாக ஒரு மூலையில் அச்சான பெண்ணின் பெயரை எப்படித் தேடுவது? இயந்திரத்துக்குப் படம் வெறும் படம்தான். அதை எழுத்தாக்க வேண்டும். பழைய 'லை', 'ணை' வடிவங்களில் இயந்திரம் தடுக்கி விழும். மனிதக் கண் கூட உட்கார்ந்து திருத்த வேண்டும்.

நடக்காத காரியமா? இட்லரின் கொலைக்களத்தில் தப்பிய யூதர்கள், அழிந்த தங்கள் ஊர்கள் பலவற்றுக்கு இத்தீஷிலும் எபிரேயத்திலும் நினைவு நூல் எழுதினார்கள். நியூயார்க் பொது நூலகம் அவற்றைப் படமாக்கியது. ஜூயிஷ்ஜென் அமைப்பின் தொண்டர்கள் மாண்டவர் பெயர்களைப் பட்டியலாக்கித் தேடும்படி வைத்தார்கள். இன்று ஒரு பேரன் தன் பாட்டியின் பெயரைத் தட்டினால், அவள் ஊர் வருகிறது.

நமக்குப் பணமில்லையாம். தோரண வளைவுக்கு இருக்கிறது! தட்டச்சு தெரிந்த பிள்ளைகள் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் தெருவுக்குத் தெரு சும்மா இருக்கிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து உட்காரவைத்தால் செய்யமாட்டார்களா? அந்த அம்மாளுக்கு வயது எண்பத்திரண்டு.